பறித்த நொடியில் பூட்டிக்கொள்ளும் போன்

*ஆண்ட்ராய்டு 15, 16 புதுப்பிப்புகளோடு வந்த திருட்டுத் தடுப்பு வசதிகள் மும்பை லோக்கலில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? டோம்பிவிலிப் பயணிகளை முன்வைத்து ஓர் அலசல்.*

காலை எட்டு மணி. டோம்பிவிலி நடைமேடைக்கு சிஎஸ்எம்டி ஃபாஸ்ட் வந்து நிற்கும்போதே வாசல் வரை ஆள். கல்யாணிலும் அதற்கு அப்பாலும் ஏறியவர்கள் உள்ளே இடம்பிடித்துவிட்டதால், டோம்பிவிலிக்காரருக்கு மிஞ்சுவது வாசற்கம்பியும் ஒரு சாண் படியும்தான். ஒரு கை கம்பியில், மறு கையில் போன். கோபர், திவா தாண்டி எங்கோ வண்டி வேகம் குறைக்கிறது. தண்டவாள ஓரத்தில் தடியோடு ஒருவன். போன் பிடித்த மணிக்கட்டில் பளாரென்று ஓர் அடி. போன் கீழே விழுகிறது, வண்டி நிற்பதில்லை. மும்பை ரயில்வே போலீசாரும் பயணிகளும் இதை ‘ஃபட்கா’ என்கிறார்கள்.

ஃபட்காவில் போவது போன் மட்டுமல்ல. அடி விழுந்த அதிர்ச்சியில் கம்பியை விட்டு விழுந்து உயிரையும் கை கால்களையும் இழந்தவர்கள் உண்டு. 2021 மே மாத இறுதியில் கல்வா நிலையத்தில், போனைப் பறித்தவனை விடாமல் போராடிய டோம்பிவிலிப் பெண் பயணி ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே எதிரெதிரே வந்த இரு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து பலியானதற்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தப் படியில் நிற்பவரின் பிடி எவ்வளவு தளர்வானது என்பதை அது ஊருக்கே காட்டியது.

இந்தப் பின்னணியில்தான் ஆண்ட்ராய்டின் அண்மைப் புதுப்பிப்புகளைப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் கூகுளின் பிக்சல் போன்களுக்கு ஆண்ட்ராய்டு 15 வந்தது. 2025 ஜூன் 10 அன்று ஆண்ட்ராய்டு 16. விளம்பரங்களில் முன்னால் நின்றவை செயற்கை நுண்ணறிவும் புதுத் தோற்றமும். லோக்கலில் போகிறவருக்குப் பயன்படுவதோ செட்டிங்ஸின் உள்ளறையில் கிடக்கும் திருட்டுப் பாதுகாப்புப் பகுதி. அது போனைக் காப்பாற்றாது. போனுக்குள் இருப்பதைக் காப்பாற்றும். அதுவும், களவுக்கு முன்பே இயக்கி வைத்திருந்தால் மட்டுமே.

மூன்று பூட்டுகள்

முதல் பூட்டு ‘தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்’. போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள், வைஃபை இணைப்பு, கைக்கடிகாரம் போன்ற துணைக் கருவிகளின் இணைப்பு ஆகியவற்றை இது சேர்த்துப் பார்க்கிறது. கையில் நிதானமாக இருந்த போன் வெடுக்கென்று இழுபட்டு, உடனே ஓட்டமாகவோ பைக் அல்லது காரின் வேகத்திலோ நகர்ந்தால், பறிப்பு என்று கணித்துத் திரையைப் பூட்டிவிடுகிறது. இந்தக் கணிப்பை மொபைலிலேயே ஓடும் இயந்திரக் கற்றல் மாதிரி செய்கிறது. முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட நாடு பிரேசில். பைக்கில் வந்து போனைப் பறித்துப்போவது அங்கே பெருநகரங்களின் தீராத தலைவலி.

இரண்டாவது ‘ஆஃப்லைன் டிவைஸ் லாக்’. பறித்தவன் முதலில் செய்வது இணையத்தை அணைப்பது. அப்போதுதான் உரிமையாளரால் தொலைவிலிருந்து எதுவும் செய்ய முடியாது. அந்தத் தந்திரத்துக்கு எதிரானது இது: திறந்த நிலையில் இருக்கும் போன் சிறிது நேரம் இணையத் தொடர்பில்லாமல் இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது ‘ரிமோட் லாக்’. போனைத் தொலைத்த பதற்றத்தில் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவுக்கு வராது. வந்தாலும் சரிபார்ப்புக் குறியீடு தொலைந்த போனுக்கே போகும். ஆகவே இதில் பாஸ்வேர்டு கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவரின் போனில் ஆண்ட்ராய்டு டாட் காம் தளத்தின் ‘லாக்’ பக்கத்தைத் திறந்து, தொலைந்த போனின் எண்ணைக் கொடுத்து, அங்கே வரும் சோதனையை முடித்தால் போதும். திரை பூட்டப்படும். முன்கூட்டியே அந்த எண்ணைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். போனும் இணையத்தில் இருக்க வேண்டும்.

லோக்கலில் இவை வேலை செய்யுமா?

மும்பை ரயில்களில் களவு மூன்று வகை. ஒவ்வொன்றிலும் இந்தப் பூட்டுகளின் பயன் வேறு.

நிலையத்தில் வண்டி நகரத் தொடங்கும் கணத்தில், ஜன்னலோரத்திலோ வாசலிலோ இருப்பவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு நடைமேடையில் ஓடுவது முதல் வகை. தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக் உருவாக்கப்பட்டதே இதற்காகத்தான். இழுப்பும் ஓட்டமும் அடுத்தடுத்து நிகழ்வதால் உணரிகளுக்கு அடையாளம் தெளிவாகக் கிடைக்கிறது.

ஃபட்கா இரண்டாவது வகை. இங்கே போன் இழுபடுவதில்லை, விழுகிறது. ஜல்லியில் கிடந்து, சற்று நேரம் கழித்தே எடுக்கப்படுகிறது. பறித்து ஓடும் அசைவு இல்லாத இடத்தில் முதல் பூட்டை நம்பிக் காத்திருப்பது சரியல்ல. சாதாரணமான, பழைய வசதி ஒன்றுதான் இங்கே பயன்படும்: தொடாமல் விட்டால் திரை அணையும் நேரம். அது 30 விநாடியாக இருந்தால், திருடன் கீழே குனிந்து எடுப்பதற்குள் போன் பூட்டிக்கொள்ளும். படம் பார்க்க வசதியாக 10 நிமிடம் என்று வைத்திருப்பவரின் போன் திறந்தபடியே கைமாறும்.

மூன்றாவது, தாணே, குர்லா, தாதர் போன்ற நிலையங்களில் இறங்கும் நெரிசலில் சட்டைப்பையிலிருந்தோ கைப்பையிலிருந்தோ எடுப்பது. பெரும்பாலும் போன் அப்போது பூட்டியே இருக்கும். தொலைந்தது தெரியவே கால் மணி நேரம் ஆகலாம். இங்கே உதவுவது ரிமோட் லாக். அதற்கு அடுத்தபடி ‘ஃபைண்ட் ஹப்’. 2025 மே வரை ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்று இருந்த செயலிதான் இது.

---
பெட்டிச் செய்தி: எங்கே இருக்கிறது?

• செட்டிங்ஸ் → கூகுள் → ஆல் சர்வீசஸ் → தெஃப்ட் புரொடெக்‌ஷன். மூன்று பூட்டுகளும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

• சாம்சங் போன்களில் ‘செக்யூரிட்டி அண்ட் பிரைவசி’ பகுதிக்குள் தேட வேண்டும்.

• பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ‘தெஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேரே அங்கே போய்விடலாம்.

• ஐபோனில்: செட்டிங்ஸ் → ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோடு → ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன். ஐஓஎஸ் 17.3 முதல் உண்டு.

• இவற்றோடு திரை அணையும் நேரத்தை 30 விநாடியாகக் குறைப்பது, பூட்டிய திரையில் செய்திகளின் உள்ளடக்கம் தெரியாமல் மறைப்பது ஆகிய இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம்.

---

பழைய போனுக்கும் வருமா?

‘என் போனுக்கு அப்டேட்டே வராது’ என்று கைவிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு வசதிகள் இரண்டு வழிகளில் வருகின்றன. இயங்குதளத்தின் முழுப் பதிப்பு ஒரு வழி. அதைக் கூகுள் வெளியிட்டபின், போன் தயாரிக்கும் நிறுவனம் தன் மாடலுக்கு ஏற்பத் திருத்தி அனுப்ப வேண்டும். மாதங்கள் ஆகும், பல மாடல்களுக்கு வராமலே போகும். ‘கூகுள் ப்ளே சர்வீசஸ்’ மற்றொரு வழி. பின்னணியில் ஓடும் இந்தத் தொகுப்பைக் கூகுள் தானே நேரடியாகப் புதுப்பிக்கிறது; தயாரிப்பாளரின் தயவு வேண்டியதில்லை.

மூன்று பூட்டுகளும் இந்த இரண்டாவது வழியில் வந்தவை. ஆகவே ஆண்ட்ராய்டு 10 உள்ள போனிலும் இவை கிடைக்கும். 2019இல் வந்த பதிப்பு அது. டோம்பிவிலியிலும் தாராவியிலும் கைமாறிக் கைமாறி ஓடும் பழைய போன்களில் பலவும் இதற்குள் அடங்கிவிடும். ‘ஆண்ட்ராய்டு கோ’ ஓடும் மலிவு மாடல்கள் சிலவற்றில் மட்டும் முதல் பூட்டு தென்படாமல் போகலாம்.

முழுப் பதிப்பு மாறினால்தான் கிடைப்பவையும் உண்டு. ‘பிரைவேட் ஸ்பேஸ்’ ஆண்ட்ராய்டு 15இல் வந்தது. வங்கிச் செயலிகளைத் தனிப் பூட்டுள்ள ஓர் அறைக்குள் வைக்கலாம். அது பூட்டியிருக்கும்போது உள்ளே இருக்கும் செயலிகள் பட்டியலில் தென்படாது, அறிவிப்பும் வராது. ‘ஐடென்டிட்டி செக்’ இன்னொன்று. வீடு, அலுவலகம் என்று குறித்துவைத்த இடங்களுக்கு வெளியே இருக்கும்போது, பின் எண்ணை மாற்றவோ சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்க்கவோ திருட்டுப் பாதுகாப்பை அணைக்கவோ கைரேகை அல்லது முகம் கட்டாயம். நெரிசலில் தோளுக்குப் பின்னால் நின்று பின் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பிறகு போனை எடுப்பவனுக்கு எதிரான ஏற்பாடு இது. ஆப்பிளின் ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷனும் இதே வழியில் செல்கிறது. பழகிய இடத்துக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முயன்றால் ஒரு மணி நேரம் காக்க வைத்து, மறுபடி முகத்தையோ கைரேகையையோ கேட்கிறது.

பழைய பதிப்புக்கு ஓர் ஆபத்து உண்டு. பூட்டு வந்துவிட்டது என்பதால் சுவரின் விரிசல் அடைபட்டுவிடாது. ஆண்ட்ராய்டு 12க்கான பாதுகாப்புத் திருத்தங்களைக் கூகுள் 2025 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. அதற்கும் முந்தைய பதிப்புகளின் கதை முன்பே முடிந்தது. எனவே புதுப் போன் வாங்கும்போது கேமராவின் மெகாபிக்சலை விசாரிப்பதோடு, எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பு வரும் என்பதையும் விசாரிப்பது அவசியம். பிக்சல் 8, சாம்சங் எஸ்24 வரிசைகளுக்கு 7 ஆண்டு உறுதி தரப்பட்டது. மலிவு மாடல்களில் இந்த எண் வேகமாகச் சரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதிகள், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தரக் கட்டாயப்படுத்துகின்றன. இந்தியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை.

போனை விட சிம் பெரிது

திருடுபோன போனின் விலை 15,000 ரூபாய் என்றால், அதன் வழியே போகக்கூடிய பணம் அதைப்போல் பல மடங்கு. 2025 ஆகஸ்டில் நாட்டின் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 2,000 கோடி எண்ணிக்கையைத் தாண்டின. ரயில் பாஸ், ஆட்டோ வாடகை, மாட்டுங்கா பூ மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை என எல்லாமே போனில்தான். திறந்த நிலையில் போன் போனால் முதலில் ஆபத்தில் இருப்பது யுபிஐ லைட். அதில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே செலுத்தலாம். இருப்பாக 5,000 ரூபாய் வரை வைத்திருக்கலாம்.

பூட்டிய போனிலும் ஒரு பொருளை எளிதாகக் கழற்றி எடுக்கலாம்: சிம் கார்டு. ஊசி முனையால் தட்டைத் திறந்து, வேறு போனில் செருகினால் ஓடிபி அங்கே வந்து விழும். இயங்குதளத்தின் எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது. தடுப்பது ‘சிம் பின்’. வேறு போனில் செருகியதும், அந்த போனை அணைத்துத் திறந்ததும், சிம் ஒரு நான்கிலக்க எண்ணைக் கேட்கும். மூன்று முறை தவறினால் முடங்கிவிடும், பியுகே எண் இல்லாமல் திறக்காது. பல்லாண்டுகளாக எல்லா போனிலும் இருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்துபவர் மிகச் சிலரே. தொடக்க எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும். ஊகத்தில் அடித்துப் பார்த்தால் சொந்த சிம் முடங்கும்.

அடுத்த ஓட்டை கேலரி. யுபிஐ பின் எண்ணை மாற்ற டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் ஓடிபியும் போதும். கார்டின் படத்தை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கேலரியில் வைத்திருப்பவரும், ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பி வைத்திருப்பவரும் திருடனுக்கு வேண்டியதை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தப் படங்களை நீக்குவதற்கு எந்தப் புதுப்பிப்பும் வேண்டியதில்லை.

அழைப்பில் வரும் களவு

டோம்பிவிலி கிழக்கிலும் மேற்கிலும் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல காலம் வாடகைக்கு இருந்து, ஓய்வுப் பணத்தில் இங்கே ஃபிளாட் வாங்கிய தமிழ்க் குடும்பத்தினரும் அவர்களில் உண்டு. இவர்கள் நெரிசல் நேர லோக்கலில் ஏறுவதில்லை. ஆனால் போன் இவர்களிடமும் இருக்கிறது. தேடி வருவது வேறு வகைத் திருடன். சிபிஐ அதிகாரி என்று மிரட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ அழைப்பு, ‘இன்றிரவு காஸ் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற செய்தியோடு வரும் ஏபிகே கோப்பு, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் இன்னொரு கோப்பு. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, 2024இல் இணைய மோசடிகளில் நாட்டு மக்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டைப் போல் இது மூன்று மடங்கு.

ஆண்ட்ராய்டு 16இன் கவனம் இங்கேதான் திரும்பியிருக்கிறது. தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது சில செயல்களைப் போன் அனுமதிக்காது. ‘ப்ளே புரொடெக்ட்’ பாதுகாப்பை அணைக்க முடியாது. இணையத்திலோ செய்தியிலோ வந்த செயலியை முதன்முறையாக நிறுவ முடியாது. திரையைப் படிக்கவும் இயக்கவும் வழிவிடும் ‘அக்சசிபிலிட்டி’ அனுமதியைப் புதிய செயலிக்குக் கொடுக்க முடியாது. மோசடிக்காரன் எதிராளியை அழைப்பிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, ‘இதை அழுத்துங்கள், அதை அனுமதியுங்கள்’ என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைப்பதுதான் வழக்கம். அழைப்பு முடியும் வரை கையைக் கட்டிப்போடுவதால் அந்த வித்தை பாதியில் நிற்கிறது.

இதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ப்ளே புரொடெக்ட்டின் கூடுதல் மோசடித் தடுப்பை இந்தியாவில் கூகுள் சோதனை முறையில் தொடங்கியது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்த செயலி குறுஞ்செய்தியைப் படிக்கவோ அறிவிப்புகளைக் கேட்கவோ அக்சசிபிலிட்டியைப் பிடிக்கவோ அனுமதி நாடினால், நிறுவும்போதே அது தடுக்கப்படும். 2025 நவம்பரில் இன்னொரு சோதனை: அறிமுகமில்லாதவரோடு பேசிக்கொண்டு திரையைப் பகிரும்போது கூகுள் பே, நவி, பேடிஎம் செயலிகளைத் திறந்தால் எச்சரிக்கை வரும், ஒரே தொடுதலில் அழைப்பையும் பகிர்வையும் துண்டிக்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் இது கிடைக்கும்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் வீடியோ அழைப்பில் நாள் முழுக்க மிரட்டி, பாதிக்கப்பட்டவரை வங்கிக்கே நேரில் போய்ப் பணம் கட்ட வைக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’டை மட்டும் இந்த எச்சரிக்கைகளால் தடுக்க முடியாது. அதற்கு வீட்டில் ஒருவர் காதில் போட்டுவைப்பதுதான் வழி: இந்தியச் சட்டத்தில் வீடியோ அழைப்பில் கைது என்று ஒன்று இல்லை.

பறிபோன பிறகு

பூட்டிய போன் திருடனுக்கு உதவாது என்று எண்ணுவது பாதி உண்மை. திரை, கேமரா, பேட்டரி என்று பிரித்து விற்கலாம். எல்லை தாண்டியும் போகலாம். அந்தச் சந்தையையும் புதுப்பிப்புகள் குறிவைக்கின்றன. கூகுள் கணக்கு இல்லாமல் மறுபடி தொடங்க விடாத ‘ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன்’ 2015இலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 15 அதன் சந்துகளை அடைத்தது. ஐஓஎஸ் 18, ஆக்டிவேஷன் லாக்கை போனின் பாகங்களுக்கும் நீட்டியது. களவுபோன ஐபோனின் திரையையோ கேமராவையோ வேறொன்றில் பொருத்தினால் முறையாக ஏற்காது. இதன் பின்விளைவு ஒன்றையும் மும்பைக்காரர்கள் பார்க்கிறார்கள். போன் போன சில நாளில், ‘உங்கள் ஐபோன் கிடைத்துவிட்டது, இருப்பிடம் காண இங்கே தொடுங்கள்’ என்று ஆப்பிள் அனுப்பியதுபோல ஒரு செய்தி வரும். தொட்டுப் பாஸ்வேர்டைக் கொடுத்தால், திருடனுக்குத் தேவையான சாவியை உரிமையாளரே கொடுத்ததாகிவிடும்.

அரசின் ஆயுதம் ‘சஞ்சார் சாத்தி’. போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு அதை எல்லா இந்திய நெட்வொர்க்குகளிலும் தடுக்கும் சிஇஐஆர் பதிவேடு இதன் ஒரு பகுதி. 2019 செப்டம்பரில் மும்பையில்தான் அது முதலில், மகாராஷ்டிரத்துக்கென, தொடங்கி வைக்கப்பட்டது. 2023 மே மாதம் நாடு முழுதும் விரிந்தது. 2025 ஜனவரியில் சஞ்சார் சாத்தி செயலியாகவும் வந்தது. எல்லாப் புதுப் போனிலும் இதை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. தனிமனித அந்தரங்கம் என்னாவது என்று எதிர்ப்பு எழவே, டிசம்பர் 3 அன்று அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

அப்போது அரசு வெளியிட்ட எண்கள் கவனிக்க வேண்டியவை. தடுக்கப்பட்ட போன்கள் 42 லட்சத்துக்கு மேல். மறுபடி சிம் போட்டதால் இடம் கண்டறியப்பட்டவை 26 லட்சத்துக்கு மேல். உரியவரிடம் திரும்பச் சேர்ந்தவை 7 லட்சத்தைச் சற்றே தாண்டின. கண்டறிவதற்கும் கையில் கிடைப்பதற்கும் நடுவே போலீஸ் நிலையத்தின் ஆள்பலம், வேறு மாநிலத்துக்கு ஆள் அனுப்பும் செலவு, நீதிமன்றத்தில் பொருளை மீட்கும் நடைமுறை எல்லாம் இருக்கின்றன.

---
பெட்டிச் செய்தி: முதல் ஒரு மணி நேரம்

1. துரத்த வேண்டாம். ஓடும் வண்டியிலிருந்து இறங்க வேண்டாம்.

2. பக்கத்துப் பயணியின் போனில் ரிமோட் லாக் பக்கத்தைத் திறந்து திரையைப் பூட்டுக. ஐபோன் என்றால் ஐகிளவுடில் ‘லாஸ்ட் மோட்’.

3. சிம்மை முடக்கச் சொல்லி நிறுவனத்துக்குத் தகவல். பிறகு வங்கிக்கு. தகவல் தந்த பின் நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதி. தந்த நேரத்தைக் குறித்து வைக்கவும்.

4. பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடி உதவி எண் 1930.

5. ரயில்வே போலீஸ் உதவி எண் 1512. புகாரை டோம்பிவிலி ரயில்வே போலீஸ் நிலையத்திலேயே கொடுக்கலாம். ‘சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பியனுப்பக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு எந்த நிலையத்திலும் புகார் பதிய வழிசெய்கிறது. பறிப்புக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை.

6. அதே எண்ணில் புது சிம் வாங்கியபின், புகார் நகலோடு சஞ்சார் சாத்தியில் ஐஎம்இஐ தடைக்கு விண்ணப்பம். எண்ணைக் காண *#06#. போன் போன பிறகு அது முடியாது என்பதால் பெட்டியின் ஒட்டுத்தாளைப் படமெடுத்து வீட்டார் போனில் இன்றே சேமிக்கவும்.

7. ஃபைண்ட் ஹப் காட்டும் இடத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். அதைப் போலீசிடம் காட்டவும்.

---

கடைக்காரரும் கைமாறும் போனும்

திரை உடைந்து பழுதுபார்க்கும் கடையில் விட்டுவரும்போது, பூட்டின் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. மாலை வரை கேலரியும் வாட்ஸ்அப்பும் திறந்து கிடக்கும். இதற்கென்று சாம்சங்கில் ‘மெயின்டெனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கின்றன. இயக்கினால் போன் புதிதுபோலத் திறக்கும்; கடைக்காரர் திரையையும் ஒலியையும் சோதிக்கலாம்; உரிமையாளரின் படங்களும் செய்திகளும் கண்ணில் படாது. திரும்ப வாங்கியதும் எண்ணைக் கொடுத்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

பழைய போன் வாங்குபவருக்கும் ஒரு சோதனை உண்டு. ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தடைப்பட்டியலில் உள்ளதா என்று பதில் வரும். அதோடு, விற்பவர் தம் கூகுள் கணக்கை நீக்கி, கண்ணெதிரே புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்ல வேண்டும். தயங்கினால் அந்தப் போன் யாருடையது என்பது கேள்விக்குரியது.

தமிழில் படித்தால்தானே தெரியும்

இத்தனை வசதிகளும் பெரும்பாலானோர் போனில் அணைந்தே கிடப்பதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. ஆங்கிலத்தில் ஐந்து படி உள்ளே புதைந்த பட்டியலை, ஆங்கிலம் தடுமாறும் தாயோ தகப்பனோ தொட அஞ்சுகிறார்கள். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் இதே பக்கம் தமிழில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் தமிழ், படிக்கட்டில் மராத்தி, வண்டியில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழும் மும்பைத் தமிழருக்கு மொழி வசதிகளும் கூடியுள்ளன. ஐஓஎஸ் 18 தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளை ஆங்கிலத்தோடு கலந்து சிரியிடம் பேச வழிசெய்தது. 2024 அக்டோபரில் கூகுளின் ஜெமினி லைவும் தமிழ் பேசத் தொடங்கியது. எனினும் பாதுகாப்பு எச்சரிக்கை என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றாக இருக்கக் கூடாது. தானாக, புரியும் மொழியில் வர வேண்டும்.

இயல்பாகவே இயங்க வேண்டும்

பிரேசிலில் புதிதாக இயக்கப்படும் ஆண்ட்ராய்டு போன்களில் தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்கும் ரிமோட் லாக்கும் இயல்பாகவே இயங்கும் என்று கூகுள் 2026 ஜனவரியில் அறிவித்தது. ஒவ்வொரு பத்து ஸ்மார்ட்போனிலும் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டாக இருக்கும் இந்தியாவுக்கும் அதே ஏற்பாடு வர வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் இடத்தில் அரசு இருக்கிறது. செயலி ஒன்றைத் திணிக்க முயன்று பின்வாங்கிய தொலைத்தொடர்புத் துறை, ஏற்கெனவே போனுக்குள் இருக்கும் பூட்டைத் திறக்கும்போதே இயக்கித் தரச் சொல்லியிருந்தால் எதிர்ப்பு வந்திருக்காது. பயனும் கூடுதலாக இருந்திருக்கும். புதுப்பிப்பு தரும் ஆண்டுகளைப் பெட்டியின் மேலேயே அச்சிட வைப்பதும் அரசால் முடிந்த காரியமே.

அது வரும்வரை பொறுப்பு வீட்டாருடையது. இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் வீட்டிலுள்ள ஒவ்வொரு போனையும் எடுத்து மூன்று பூட்டுகளையும் இயக்குங்கள். சிம் பின் வையுங்கள். ஐஎம்இஐ எண்ணைப் படமெடுத்துப் பகிருங்கள். நாளைக் காலை வண்டியேறும்போது போனைப் பையில் போட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடியுங்கள். பறிபோனால் போகட்டும், துரத்தாதீர்கள். போன் வேறு வாங்கிக்கொள்ளலாம்.